நீலச்சரிவில் ரோஸ் நிறம்

நீலச்சரிவில் பூ நிறம் மாறுதாம் என்று முதலில் சொன்னவன் கடைக்கார ஓடிலோ. அவனுக்குச் சொன்னது தபால் பேருந்து ஓட்டுநர். ஓட்டுநருக்குச் சொன்னது யாரோ ஒரு மலையேறிப் பெண். பெயர் தெரியாது, சிவப்புத் தொப்பி போட்டிருந்தாளாம், அவ்வளவுதான். செய்தி லுட்வினா ருப்பெனின் காதுக்கு வந்து சேர்வதற்குள் மூன்று வாய் மாறிவிட்டது. ஒவ்வொரு வாயிலும் கொஞ்சம் ஏறியும் இருக்கும்.

"அரைவாசிப் பூ ரோஸாம்," என்றான் ஓடிலோ, அவளுடைய கறுத்த ரொட்டியைத் தாளில் சுற்றிக்கொண்டே. "மாதா காட்சி குடுத்திட்டா எண்டெல்லோ நான் நினைச்சன். ஃபாதருக்கு ஒரு போன் அடிக்கட்டோ?"

"ஆர் பாத்தது?"

"ட்ரைவர் சொன்னவன்."

"ட்ரைவர் பாத்தவனோ?"

"அவன் எங்க பாக்கிறது? அவனுக்கு ரோட்டைப் பாக்கவே நேரம் காணாது. ஆரோ ஒரு பொம்பிளை சொன்னவவாம்."

"அப்ப உனக்குத் தெரிஞ்ச ஒருத்தரும் பாக்கேல்லை."

"நீதானே வருசா வருசம் எண்ணுறனீ. நீ பாத்திருப்பாய்தானே?"

லுட்வினா ரொட்டியைப் பைக்குள் வைத்தாள். பிறகு அதை வெளியே எடுத்து, அடியில் சீஸை வைத்து, மறுபடி ரொட்டியை மேலே வைத்தாள். கை ஏதாவது செய்துகொண்டிருந்தால் முகம் ஒன்றும் சொல்லாது. இருபத்தொன்பது வருடம் தபால் கவுண்டருக்குப் பின்னால் இருந்து படித்த வித்தை அது.

"இன்னும் போகேல்லை. இடுப்பு விடேல்லை. நாளைக்குத்தான் ஏறுறன்."

"எனக்கு ஆரெண்டு தெரியும்," என்றான் ஓடிலோ, குரலைத் தாழ்த்தி. கடையில் வேறு யாரும் இல்லை. "கீழ் வளைவில வீடு வாங்கியிருக்கிற பாசல் பட்டணத்துச் சனம். வீட்டைச் சுத்தி என்னெல்லாம் நட்டு வைச்சிருக்கினம் பாத்தனியோ? பட்டணத்துக் கடையில வாங்கின பூவெல்லாம் அங்க நிக்குது. காத்தில விதை பறந்து மேல போயிட்டுது. ஊர்த்தலைவர் அவைக்குக் கடிதம் எழுதப்போறாராம். நீ நாளைக்குப் பாத்திட்டு வந்து ஓமெண்டு சொன்னாக் காணும்."

"அக்கெலாய்ப் பூவின்ரை விதை பறக்காது, ஓடிலோ. மிளகுமாதிரி இருக்கும். கீழ விழும், அவ்வளவுதான்."

"அப்ப மேல எப்படிப் போனது? நடந்தோ?"

அவள் பையைத் தோளில் மாட்டினாள். கடையின் மூலையில், பழைய தபால் நிலையத்தின் தராசும் முத்திரையும் இருந்தன. தபால் நிலையத்தை மூடியபோது அவற்றை ஓடிலோவின் கடைக்குத் தள்ளிவிட்டார்கள். இப்போது சாசேஜ் வெட்டுகிற அதே கையால் ஓடிலோ கடிதத்துக்கும் முத்திரை குத்துகிறான். எப்போதும் சாய்வாகத்தான் குத்துவான். வழக்கமாக லுட்வினா அதைச் சொல்லிக் காட்டிவிட்டுத்தான் போவாள். அன்று சொல்லவில்லை. ஓடிலோ கூட அதைக் கவனித்தான்.

"ஏன், சுகமில்லையோ?"

"களைச்சுப் போனன்," என்றாள் லுட்வினா. அது பொய்யும் இல்லை.

மலை அக்கெலாய் என்பது அந்தப் பள்ளத்தாக்குக்காரர்கள் ஆளுயரப் படம் எடுத்துக் கொண்டாடுகிற பூ இல்லை. அது இருக்கிற இடம் அப்படி. வடக்குப் பார்த்த சரிவு, ஜூன் வரைக்கும் பனி கிடக்கும், சுண்ணாம்புக் கல் காலுக்கடியில் உருளும், குட்டைப் புதர்கள் முழங்காலைப் பிடித்து இழுக்கும். மாடு போகாது. ஆடு போனால் தின்றுவிடும் என்று ஆட்டை விடுவதில்லை. அந்தக் கல்லுக்கும் புதருக்கும் நடுவில் முழங்கால் உயரத்துக்கு ஒரு தண்டு. தண்டின் நுனியில் இரண்டு, மிஞ்சினால் மூன்று பூ. ஐந்து இதழ். ஒவ்வொரு இதழின் பின்னாலும் பருந்தின் நகம் போல வளைந்த கொக்கி. கொக்கியின் நுனிக்குள் ஒரு சொட்டுத் தேன், நீண்ட நாக்குள்ள தடித்த வண்டுக்கு மட்டும் எட்டுவது. எட்டாத வண்டு கொக்கியை வெளியிலிருந்து கடித்து ஓட்டை போட்டுக் குடித்துவிட்டுப் போகும். பூ எப்போதும் தலையைக் கவிழ்த்துத்தான் நிற்கும். அதன் நீலம், நிறைந்த மைக்கூட்டை மேலிருந்து எட்டிப் பார்க்கிறபோது தெரிகிற நீலம்.

முப்பத்தொரு வருடத்துக்கு முன் இந்தப் பூக்களை எண்ண பெர்ன் நகரிலிருந்து டொக்டர் ஏப்லி வந்தார். தாவரம் படித்தவர். ருப்பென் சகோதரிகளின் வீட்டில் ஓர் அறையை வாடகைக்கு எடுத்தார். இரண்டு பேரும் கல்யாணம் கட்டாதவர்கள். மூத்தவள் லுட்வினா தபால் நிலையத்தில். இளையவள் ஃபீடெஸ் குசினியில், அடுப்புக்குப் பக்கத்தில், ஒரு சுழல் நாற்காலியைப் போட்டு ஊர்ப் பெண்களுக்கு முடி வெட்டிச் சுருள் வைப்பவள். டொக்டரின் முழங்கால் மூன்றாம் வருடமே மக்கர் பண்ணியது. சரிவில் கயிறு கட்டிப் பட்டை பட்டையாகப் பிரித்து, கையில் சொடுக்குகிற எண்ணியோடு நடக்க ஓர் ஆள் வேண்டியிருந்தது. நாளெல்லாம் முத்திரை எண்ணுகிறவளுக்குப் பூ எண்ண வராதா என்ன? லுட்வினா போனாள். போனவள் போனவள்தான். ஒவ்வொரு ஜூலையும் ஒரு நாள் லீவு போட்டு ஏறுவாள், எண்ணுவாள், டொக்டருக்குச் சொல்லுவாள். கிறிஸ்மஸுக்கு ஒரு சாக்லேட் பெட்டியும் நன்றிக் கடிதமும் வரும். சாக்லேட்டை ஃபீடெஸ் தின்பாள்.

ஃபீடெஸுக்கு அந்த நீலப் பூவைப் பிடிக்காது.

"மோசம் போனவள்மாதிரித் தலையைக் குனிஞ்சுகொண்டு நிக்குது, லூடி. உன்னைமாதிரி."

அவளுக்குப் பிடித்தது வாசலில் அவள் வளர்த்த தோட்டத்து அக்கெலாய். ரோஸ் நிறம், அடுக்கு அடுக்காக இதழ், கொக்கி இருக்கிறதா இல்லையா என்று தேடித்தான் பார்க்க வேண்டும். அவள் பெண்களுக்கு வைத்துவிடுகிற சுருள் முடி மாதிரியே இருக்கும் என்று லுட்வினா சொல்லுவாள். சொன்னால் ஃபீடெஸுக்குச் சந்தோஷம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை டொக்டருக்கு முடி வெட்டிவிட்டு, அந்த ரோஸ் பூவில் ஒன்றை ஃபீடெஸ் அவருடைய சட்டைப் பொத்தான் துளையில் செருகினாள். டொக்டர் அதைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டுச் சொன்னார்:

"பிழையா நினைக்காதேங்கோ, பிள்ளை. நான் நாளைக்கு மேல போறன். இதை மட்டும் ஒருக்காலும் மேல கொண்டுபோகப்படாது. தோட்டத்து அக்கெலாயும் மலை அக்கெலாயும் பக்கத்தில பக்கத்தில பூத்தால் சும்மா இராதுகள். ஒரு வண்டு காணும், கலியாணம் முடிஞ்சிடும். பேந்து அந்த நீலம் திரும்பி வராது."

"பாத்தியோடி லூடி," என்று ஃபீடெஸ் கத்தரிக்கோலை ஆட்டிச் சிரித்தாள். "இந்த வீட்டில கலியாணம் கட்டத் தெரிஞ்சது என்ரை பூவுக்கு மட்டும்தான்!"

டொக்டர் கூடச் சிரித்துவிட்டார். லுட்வினா அன்று அடுப்படியில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். ஆகவே தெரியாமல் செய்தேன் என்று பிற்காலத்தில் அவள் தனக்குத் தானே சொல்லிக்கொள்ள வழியில்லாமல் போயிற்று.

ஃபீடெஸ் முப்பத்தொன்பது வயதில் போனாள். மார்பில் வந்தது, ஒன்றரை வருடம் இழுத்தது. அவளுடைய கல்லறையில் லுட்வினா ரோஸ் அக்கெலாயை நட்டாள். அது தானே விதை போட்டுத் தானே முளைத்தது. வீட்டுக்காரனின் மகனுக்கு வீடு தேவைப்பட, லுட்வினா பழைய தபால் நிலையத்துக்கு மேலே இரண்டு அறைக்கு மாறினாள். மண் என்று அவளுக்கு மிஞ்சியது, அப்பா வழியில் வந்த மேல்மலைக் குடிசையின் கால் பங்கு மட்டும். மற்ற முக்கால் பங்குக்காரர்கள் யாரும் வருவதில்லை.

அந்த ஊரில் செத்தவர்களுக்கும் தவணை உண்டு. இருபது வருடம். மலைக்கு நடுவில் மண் குறைவு; படுத்தவரே படுத்திருந்தால் அடுத்தவர் எங்கே போவார்? இருபது வருடம் முடிந்ததும் ஊராட்சியிலிருந்து கடிதம் வரும். லுட்வினாவுக்கும் வந்தது. கல்லையும் செடிகளையும் ஏப்ரல் முடிவதற்குள் அகற்றிக்கொள்ளவும், வணக்கத்துடன். தன் காலத்தில் அப்படிப்பட்ட எத்தனையோ கடிதத்துக்கு அவளே முத்திரை குத்தியிருக்கிறாள், நேராக.

கல்லைக் கல்தச்சன் கொண்டுபோய் உடைத்தான். அடுத்த மார்கழியிலேயே அந்த இடத்தில் பால்காரர் அல்ஃபோன்ஸைப் புதைத்தார்கள். அல்ஃபோன்ஸ் ஏழு வருடம் ஃபீடெஸின் பின்னால் அலைந்தவர். ஃபீடெஸ் ஏழு வருடமும் மாட்டேன் என்றவள். சவ அடக்கத்தில் ஓடிலோ லுட்வினாவின் காதுக்குள், "கடைசியில ஆள் வெண்டிட்டார்," என்றான். அவள் கைக்குட்டையை வாயில் வைத்து அடக்கிக்கொண்டாள். அழுகிறாள் என்று எல்லோரும் நினைத்தார்கள். பாதி சரி.

செடிகள்தான் மிச்சம். பதினொன்று. குப்பைக் குவியலில் போட மனம் வரவில்லை. ஜன்னல் தொட்டியில் வைத்துப் பார்க்கலாம். ஆனால் அக்கெலாயின் வேர் முழங்கை நீளம் கீழே போகும், தொட்டிக்குள் அடங்காது. ஒரு ஏப்ரல் காலை மண்ணோடு தோண்டி, ஈரச் சாக்கில் சுற்றி, முதுகுக் கூடையில் வைத்து, அவள் குடிசைக்கு ஏறினாள். குடிசைக்கும் நீலச்சரிவுக்கும் நடுவில் ஓர் ஓடை, ஒரு புதர்க்காடு, நானூறு அடி தூரம். வண்டுக்கு நானூறு அடி என்ன தூரம் என்று அவளுக்குத் தெரியாததல்ல.

அதற்கும் ஒரு வழி வைத்திருந்தாள். பூக்கவிடாமல் வளர்ப்பது. ஜூன் நடுவில் மொட்டு வைத்ததும் ஏறிப்போய் ஒவ்வொரு மொட்டாகக் கத்தரித்துவிடுவாள். ஃபீடெஸின் பழைய கத்தரிக்கோலால்தான். கத்தரித்த மொட்டுகளை ஈரத்தாளில் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்து, ஃபீடெஸின் படத்துக்கு முன்னால் ஒரு தண்ணீர்க் கிளாஸில் போடுவாள். இரண்டு மூன்று நாளில் அதில் சில விரியும். விரிந்து, ரோஸாக, அடுக்கு அடுக்காக, ஏழு நாள், ஒரு கிழமை முழுக்க நிற்கும். வருடத்தில் அந்த ஒரு கிழமைதான் அவள் மேசையில் இரண்டு பேருக்குக் கோப்பை வைத்துக் காப்பி குடிப்பாள். வெளியே யாருக்கும் தெரியாது. தெரிந்தால் கிழவிக்கு விசர் என்பார்கள்.

இரண்டு வருடம் சரியாகப் போனது. மூன்றாம் வருடம் மே மாதம் ஒரு பக்க இடுப்பு மூட்டை மாற்றும் அறுவைச் சிகிச்சை. ஆஸ்பத்திரிக்கு விடிகாலையில் போக வேண்டும், பேருந்து இல்லை. காரில் ஏற்றிக்கொண்டு போனது அந்தப் பாசல் வீட்டுக்காரி. வழியெல்லாம் பயப்படாதீர்கள் என்று சொல்லிக்கொண்டே ஓட்டினாள், பயத்தில் ஸ்டியரிங்கை இறுகப் பிடித்திருந்தது அவள்தான். அந்த ஜூலையில் பூ எண்ண இயற்கைப் பாதுகாப்பு அலுவலகத்திலிருந்து ஒரு மாணவனை அனுப்பினார்கள். அவன் குடிசைப் பக்கம் போகவில்லை. லுட்வினா இரண்டு ஊன்றுகோலோடு மேலே போய்ச் சேர்ந்தபோது ஆகஸ்ட் கடைசி. பதினொரு செடியும் பூத்து முடிந்து, விதைக் கூடுகள் வாய் திறந்து காலியாக நின்றன. ஆட்டிப் பார்த்தாள். ஒரு விதை கூடச் சத்தம் போடவில்லை.

ஒன்றும் ஆகியிராது என்று நினைத்துக்கொண்டாள். அப்படி நினைப்பதற்கும் தெம்பு வேண்டும். அந்தத் தெம்பு இரண்டு வருடத்துக்கு வந்தது. போன ஜூலையில் ஆறாவது பட்டையில் ஒரு பூவைக் கண்டாள். நாவல்பழக் கறை போல ஒரு நிறம், கொக்கி குட்டை. சுற்றும் முற்றும் பார்த்துவிட்டுப் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டாள். டொக்டரிடம் நீலத்தின் கணக்கை மட்டும் சொன்னாள். இந்த ஜூனில் மொட்டு வெட்டக்கூட அவள் மேலே போகவில்லை. இடுப்பு என்று தனக்கே சொல்லிக்கொண்டாள். இடுப்பும்தான்.

மறுநாள் முதல் பேருந்தில் கடைசித் தரிப்பில் இறங்கினாள். ஓட்டுநர் கண்ணாடியில் பார்த்துக் கத்தினான்:

"பூவைப் பாத்திட்டு வந்து எனக்கும் சொல்லுங்கோ! நான்தான் முதல் சொன்னது எண்டு பேப்பரில போடச் சொல்லுங்கோ!"

"நீ முதல்ல வளைவில ஹோர்ன் அடிக்கப் பழகு."

முன்பு இரண்டு மணி நேரத்தில் ஏறுவாள். இப்போது மூன்றரை. லார்ச் மரங்களுக்கிடையில் நான்கு இடத்தில் உட்கார்ந்தாள். ஒவ்வொரு முறை உட்காரும்போதும், எழும்ப வேண்டாம் என்று உடம்பின் ஒவ்வொரு எலும்பும் தனித்தனியாக மனுக் கொடுத்தது. மலையணில்கள் விசில் அடித்தன. புது இடுப்பு வலிக்கவில்லை. அதற்கு ஈடு கொடுக்கப் போன பழைய இடுப்புத்தான் வலித்தது.

நீலச்சரிவின் வாசலில் ஒரு பலகை. பூப் பறிப்பது தடை, மீறினால் அபராதம். அந்த எழுத்துகளுக்கு இருபது வருடத்துக்கு முன் வர்ணம் தீட்டியதே அவள்தான். பலகையைத் தாண்டி நின்று பார்த்தாள்.

அரைவாசி இல்லை. சிவப்புத் தொப்பிக்காரியோ, ஓட்டுநரோ, ஓடிலோவோ யாரோ ஏற்றிச் சொல்லிவிட்டார்கள். சரிவு இன்னும் நீலம்தான். ஆனால் கண் ஒன்றைப் பிடித்தால் அடுத்ததையும் பிடிக்கும். இங்கே ஒன்று. புதரடியில் இரண்டு. கல்லிடுக்கில் ஒரு குடும்பமே. சில நாவல்பழக் கறை, சில கழுவிக் கழுவி வெளுத்துப்போன ரோஸ். இன்னும் இரண்டு மூன்று வருடம் விட்டால் அரைவாசி என்பது உண்மையாகிவிடும்.

கயிற்றைக் கட்டினாள். வலக்கையில் எண்ணி, நீலத்துக்கு. மற்றவைக்கு எண்ணி இல்லை, இடக்கையில் கத்தி. நீலம் என்றால் ஒரு சொடுக்கு. மற்றது என்றால் குந்தி, கத்தியை வேரோரம் இறக்கி, நெம்பி, தோளில் தொங்கிய மாவுச் சாக்கில் போட்டாள். குந்துவதும் எழும்புவதும்தான் கொடுமை. ஒரு கட்டத்துக்குப் பிறகு எழும்பாமல் முழங்காலிலேயே நகர்ந்தாள். தேவாலயத்தில் கூட இவ்வளவு நேரம் முழங்காலில் நின்றதில்லை.

பத்துப் பட்டையும் முடிந்தபோது எண்ணி ஆயிரத்து நூற்று அறுபத்தெட்டைக் காட்டியது. சாக்கிலிருந்ததைப் பாறையில் கொட்டி அடுக்கினாள். நாற்பத்தொன்று.

அத்தோடு இறங்கிப் போயிருக்கலாம். யாரும் கேட்கப் போவதில்லை. சரிவு சுத்தம்; ஓடிலோவிடம் ஓமென்றும் சொல்ல வேண்டாம், இல்லையென்றும் சொல்ல வேண்டாம். ஒரு தோள்குலுக்கல் போதும், பாசல்காரர்களுக்குக் கடிதம் தானாகப் போய்விடும். அடுத்த ஜூனில் தண்ணீர்க் கிளாஸில் மொட்டுகள் இருக்கும். அடுத்த ஜூலையில் மறுபடியும் குந்தி எழும்ப வேண்டும். அதற்கடுத்த ஜூலையிலும். எத்தனை ஜூலைக்கு? அறுபத்தெட்டு வயது. அவள் போன பிறகு யார் குந்துவது?

ஓடையைத் தாண்டிக் குடிசைக்குப் போனாள்.

குடிசையின் தெற்குச் சுவரோரம் அவை நின்றன. இந்த வருடம் வெட்டாததால் நன்றாகப் பூத்திருந்தன. எண்ணிப் பார்த்தால் பதினாறு செடி. கல்லறையிலிருந்து வந்த பதினொன்றில் எட்டு முதுமையில் செத்திருந்தன. அக்கெலாய் நீண்ட ஆயுசுக்காரி இல்லை. மூன்றுதான் பழையவை. மிச்சம் பதின்மூன்றும், அந்த ஊன்றுகோல் வருடத்தில் விழுந்த விதையின் பிள்ளைகள், இந்த வருடம்தான் முதல் பூ.

அவள் கிட்டப் போய், குனிந்து, ஒரு பிள்ளைப் பூவின் முகத்தைத் திருப்பிப் பார்த்தாள்.

அதில் நீலம் ஏறியிருந்தது. அடுக்கு இதழ்கள் இல்லை. ஐந்தே ஐந்து, ஒவ்வொன்றின் பின்னாலும் ஒரு கொக்கி, வளைந்தும் வளையாமலும். தலை கவிழ்ந்து நின்றது.

இத்தனை நாளும் அவள் பயந்தது ஃபீடெஸின் பூ போய் மலைப் பூவைக் கெடுத்துவிடும் என்றுதான். மலைப் பூவும் இங்கே வந்திருக்கும் என்று நினைக்கவில்லை. வண்டு இரண்டு பக்கமும்தானே பறக்கும். ஃபீடெஸின் ரோஸும் இனி நிற்காது. பழைய மூன்றும் செத்தால் அதோடு சரி. அவற்றின் விதை எதுவும் அவற்றைப் போல் இருக்கப்போவதில்லை.

"உன்னைமாதிரி ஆக்கிப்போட்டியேடி," என்று ஃபீடெஸ் கேட்டிருப்பாள். கத்தரிக்கோலை ஆட்டிக்கொண்டு.

"நான் எங்க ஆக்கினது? நீதானே கலியாணம் எண்டு சிரிச்சனீ," என்றாள் லுட்வினா, சத்தமாக. சுவரோரம் யாரும் இல்லை.

குடிசைக்குள் வேலிக்கட்டை நடுவதற்கென்று ஒரு சின்ன அலவாங்கு கிடந்தது. முழு நீளம் இல்லை, அவள் உயரத்துக்கு ஏற்ற இரும்புக் கம்பி. எடுத்து வந்தாள். பிள்ளைச் செடிகளைத் தோண்டுவது சுலபமாக இருந்தது. வேர் இன்னும் விரல் பருமன்தான். பதின்மூன்றையும் சாக்கில் போட்டாள். கை நின்றது. தண்ணீர் குடித்தாள். ரொட்டியில் ஒரு துண்டு கடித்தாள். மெல்லத் தெம்பில்லாமல் வாயிலேயே வைத்துக்கொண்டிருந்தாள்.

பழைய செடிகளின் வேரைப் பற்றியும் டொக்டர் சொல்லியிருக்கிறார். இளசில் பெயர்த்து நட்டால் பிழைக்கும், கிழட்டு வேரைப் பெயர்த்தால் செத்துவிடும். அதுவும் பூத்து நிற்கிற நேரத்தில் என்றால் கேட்கவே வேண்டாம். கூடையில் வைத்துக் கொண்டுபோய் எங்காவது நடலாம் என்ற பேச்சே இல்லை. தோண்டினால் முடிந்தது.

முதலாவதைத் தோண்டினாள். வேர் அவள் முழங்கையை விட நீளம், நுனியில் கறுத்த மண் ஒட்டியிருந்தது. மலை மண் மஞ்சளாக இருக்கும். இது கல்லறை மண். ஆறு வருடமாகியும் போகவில்லை. கட்டைவிரலால் அதைத் தேய்த்துப் பார்த்தாள்.

இரண்டாவதைத் தோண்டினாள்.

மூன்றாவதுதான் பெரியது. அதில் ஒன்பது பூ. அலவாங்கை வேருக்கடியில் இறக்கி, உடம்பின் பாரத்தை மெல்லக் கொடுத்தாள். மண்ணுக்குள் ஏதோ ஒன்று, பழைய துணி கிழிகிற மாதிரி, கொஞ்சமாகக் கிழிந்தது. ஒன்பது பூவும் ஒரு தரம் ஆடின. அவள் கையை எடுத்துவிட்டாள். அலவாங்கு சாய்ந்தபடியே நின்றது.

ஒன்றை விட்டால் என்ன? ஒரே ஒன்று. மொட்டு வைத்ததும் வெட்டிவிடலாம். ஒரு கிளாஸ் தண்ணீர், ஒரு கிழமை, இரண்டு கோப்பை. இந்த இடுப்பு இன்னும் ஒரு ஜூன் தாங்காதா?

தாங்காது என்று அவளுக்குத் தெரியும். இந்த ஜூன் தாங்கவில்லையே.

குடிசைக்குப் பின்னால் ஒரு தட்டைப் பாறை உண்டு. அதன் மேல் ஏறி நின்றால்தான் கைத்தொலைபேசிக்கு உயிர் வரும். வருடா வருடம் எண்ணி முடித்ததும் அந்தப் பாறையிலிருந்துதான் டொக்டருக்குச் சொல்லுவாள். அவருக்கு எண்பத்து நான்கு வயது. கணக்கு இப்போது அலுவலகத்துக்குத்தான் போக வேண்டும், இருந்தாலும் முதலில் அவருக்கு. அவர் வேறொன்றும் கேட்கமாட்டார். "எத்தினை, ஃப்ராவ் ருப்பென்?" என்பார். எண்ணைச் சொன்னதும், "நல்லது, நல்லது, இன்னும் இருக்குதுகள்," என்பார். அதைச் சொல்லும்போது அவருடைய குரலில் இருக்கிற நிம்மதிக்காகவே அவள் இத்தனை வருடம் ஏறியிருக்கிறாள் என்றுகூடச் சொல்லலாம்.

முதலில் தோண்டிவிட்டுச் சொல்லலாமா, சொல்லிவிட்டுத் தோண்டலாமா என்று ஒரு நிமிடம் நின்றாள். தோண்டிவிட்டால் சொல்ல மாட்டாள். களைத்துப்போய்ச் சாக்கைக் கட்டிக்கொண்டு இறங்கிவிடுவாள். எல்லாம் முடிந்ததுதானே, இனி ஏன் கிழவரின் நெஞ்சை நோகடிக்க வேண்டும் என்று நியாயம் வந்துவிடும். கீழே பாசல்காரர்களுக்குக் கடிதம் போயிருக்கும், ஓடிலோவின் கையால், சாய்ந்த முத்திரையோடு. தன்னுடைய புத்தி அவளுக்குத் தெரியும். சொல்லிவிட்டால், பிறகு அந்த மூன்றாவது செடியை நிற்க விட முடியாது. டொக்டர் கேட்பார், எல்லாத்தையும் எடுத்திட்டீங்களோ என்று. அவரிடம் பொய் சொல்ல அவளுக்கு வராது; கணக்கை மறைக்க மட்டும்தான் வந்தது, அதுவும் ஒரு தரம்.

பாறையில் ஏறினாள். இரண்டு தரம் வழுக்கியது. மண் அப்பிய விரலால் எண்களை அழுத்தினாள்.

சொல்ல வேண்டியதை வாய்க்குள் அடுக்கிப் பார்த்தாள். டொக்டர், ஆயிரத்து நூற்று அறுபத்தெட்டு. அதோட இன்னொரு நாற்பத்தொன்று. அது பாசல் சனம் இல்லை. நான்தான். ஃபீடெஸின்ரை பூ. நீங்கள் குசினியில சொன்னனீங்கள், நான் கேட்டனான்.

மணி அடித்தது.

டொக்டரிடம் கைத்தொலைபேசி இல்லை. நடையின் கோடியில் சுவரில் மாட்டிய பழைய பெட்டிதான். ஜன்னலோர நாற்காலியிலிருந்து நடைவண்டியைப் பிடித்து எழும்பி, கம்பளத்தின் விளிம்பைத் தாண்டி, அதற்குக் கிட்ட அவர் வருவதற்குள் மணி பன்னிரண்டு தரம் அடித்துவிடும். போன வருடம் பதினான்கு தரம் அடித்தது. லுட்வினாவுக்கு அந்த எண்ணிக்கை தெரியும். எண்ணாமல் இருக்க அவளுக்குத் தெரியாது.

ஆறு. ஏழு.

பாறையிலிருந்து பார்த்தால் சுவரோரம் தெரிந்தது. அலவாங்கு சாய்ந்து நின்றது. அதன் மேல் அந்த ஒன்பது ரோஸ் பூ. ஒரு தடித்த வண்டு வந்து, ஒவ்வொரு பூவாக ஏறி இறங்கி, கொக்கியைத் தேடிக்கொண்டிருந்தது.

பதினொன்று. பன்னிரண்டு.

அவள் தொலைபேசியை மற்றக் காதுக்கு மாற்றினாள். வண்டு ஒன்பதாவது பூவை விட்டு எழும்பி, ஓடைப் பக்கம் திரும்பியது.

பதினான்கு. பதினைந்து. அவர் எடுக்கும்வரை எண்ணுவதென்று அவள் பாறையிலேயே நின்றாள்.